மணலுக்குள் இருந்த கை

என் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்பியவர்களுக்குத்தான் நான் சொல்லும் இடம் கண்ணில் தெரியும். சின்னவர்களிடம் சொன்னால், கொள்ளிடத்தில் அவ்வளவு மணலா என்று கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அள்ளி விற்றதெல்லாம் நம் ஆட்கள்தானே.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு, அந்தக் காலம் போல வருமா என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணை மூன்றே நாளில் விசாரித்து, குற்றவாளி என்று முடிவுகட்டி, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் ஊர் திருமானூருக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டி. வீட்டில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக என் தங்கை. அப்பாவின் தம்பி சித்தப்பாவும் எங்களோடுதான். எல்லோருக்கும் மேலே அத்தை, அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். நெல் அறைச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். அப்பா ஊருக்கெல்லாம் சத்தம் போடுவார், அத்தை தொண்டையைச் செருமினால் அடங்கிவிடுவார்.

அந்த மாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. மீன்சுருட்டியிலிருந்து சித்தி வந்தாள். பத்தொன்பது வயது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தெரியாதவள், சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். வந்த பதினைந்தாம் நாளே அவளும் அம்மாவும் ஒட்டிக்கொண்டார்கள். துணி துவைக்கும் கல்லடியில் ஒருத்தி பேச ஒருத்தி சிரிப்பதைப் பார்த்து அத்தைக்கு வயிறு எரியும். ஒரு வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் இப்படிக் குசுகுசுவென்று பேசினால் குடும்பம் விளங்காது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கோடையில் ஆறு வற்றியதும் ஆற்றுக்குள்ளேயே வெள்ளரி போடுவோம். மணலில் குழி பறித்து, எருவைக் கொட்டி, விதை ஊன்றி, பக்கத்து ஊற்றிலிருந்து தண்ணீர் ஊற்றினால் போதும். அந்த வெள்ளரிக் கொல்லை நடுவில் சித்தப்பா ஒரு மூங்கில் கம்பம் நட்டு, பழைய சட்டையை மாட்டி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்துப் பொம்மை செய்து வைத்திருந்தார். கிளிகள் அதன் தோளில் உட்கார்ந்துதான் வெள்ளரிப் பிஞ்சைக் கொத்தின.

சித்திரை கடைசியில் அம்மா இரண்டு நாள் படுத்துவிட்டாள். வயிற்று வலி என்றார்கள். தங்கச்சிக்குப் பால் கொடுப்பதற்குக்கூட எழுந்திருக்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தாள். அடுப்படி, மாடு, தண்ணீர் எல்லாம் சித்தி தலையில் விழுந்தது. மூன்றாம் நாள் விடிந்தும் விடியாததுமாக அவள் குடத்தோடு ஆற்றுக்குப் போனபோது, தூக்கம் கலைந்த நானும் பின்னாலேயே போனேன். அவள் ஊற்றுக்குப் போகவில்லை. எங்கள் கொல்லைக்குள் போய், பொம்மைக் கம்பத்துப் பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலைப் பறித்துக்கொண்டிருந்தாள். குடத்துக்குள்ளிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து உள்ளே வைத்து மூடினாள். பிறகு கொஞ்ச நேரம் கையைக் கும்பிட்டபடி இருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. பழந்துணிதான், வேறொன்றுமில்லை என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தலையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒரு பிஞ்சு வெள்ளரியைப் பறித்துப் புடவையில் துடைத்துக் கொடுத்தாள். நான் தின்றேன். பத்துப் பதினைந்து நாள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

வைகாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் சித்தப்பாவுக்குத் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கரையிறங்கினேன். வெயில் இருந்தது, ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மழை இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. என் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றதைப் பார்த்து, என்னடா இது என்று தடவிக்கொண்டே வந்தேன். சித்தப்பா தூரத்தில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, வராதே, கரைக்கே ஓடு என்பது போல் கையை ஆட்டினார்.

பிறகு எல்லாம் வெள்ளை. சத்தம் கேட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. நெஞ்சில் யாரோ பலகையால் அடித்தது போல் இருந்தது. நான் மணலில் உட்கார்ந்திருந்தேன், கஞ்சி மடியில் கொட்டியிருந்தது. ஒரு பெட்டித் தீக்குச்சியை மொத்தமாகக் கிழித்தால் வரும் நாற்றம். பொம்மைக் கம்பம் நெடுக்காகப் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. அதற்குப் பத்தடி தள்ளிச் சித்தப்பா குப்புறக் கிடந்தார்.

பக்கத்துக் கொல்லைக்காரர்தான் முதலில் ஓடி வந்தார். சித்தப்பாவைப் புரட்டிப்போட்டு மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை என்றார். மறுபடி வைத்துப் பார்த்து, நூல் மாதிரி வருகிறது என்றார். அதற்குள் ஊரே கரையிறங்கிவிட்டது. அத்தை தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். சித்தி தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் வந்து, சித்தப்பா காலடியில் விழுந்து பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அம்மாவும் யார் தோளையோ பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இடி அடித்த ஆளை மணலில் கழுத்து வரை புதைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். அதிலும் ஒரு முறை உண்டு. கண்ட இடத்தில் புதைத்தால் பலிக்காது. பக்கத்துக் கொல்லைக்காரர் கம்பத்தடியைக் காட்டி, "இடி எறங்குன எடத்துலயே வெட்டுங்கடா. மேல ஏறுனத அந்த மண்ணுதான் திருப்பி வாங்கிக்கும்" என்றார். மூன்று மண்வெட்டிகள் விழுந்தன. நெஞ்சை அமுக்கி மூச்சு ஊதியிருக்க வேண்டிய நேரத்தில் எல்லோருமாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் அன்று அங்கே நின்ற யாரும் சும்மா நிற்கவில்லை, அவர்கள் அறிந்ததை உயிரைக் கொடுத்துச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

முழங்கால் ஆழம் போனதும் ஒரு மண்வெட்டி எதிலோ பட்டது. ஓடு உடைந்த சத்தம். வெட்டியவர் குனிந்து மணலைத் தள்ளி ஒன்றை எடுத்தார், எடுத்த வேகத்தில் கீழே போட்டார். சுடுகிறது என்றார். துண்டைச் சுற்றி மறுபடி எடுத்தார்.

என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்குமான நீளம் அது. கனமும் அவ்வளவுதான். மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் மணல் அப்பிச் சொரசொரவென்று இருந்தது. ஒரு முனை உடைந்து உள்ளே துவாரம் தெரிந்தது. இன்னொரு முனை மூன்றாகப் பிரிந்து வளைந்திருந்தது, விரல்கள் மாதிரி.

அத்தைதான் சொன்னாள். "பச்சப்புள்ள கையி. யாரோ எலும்ப வச்சிருக்காங்க."

எங்கள் பக்கத்தில் கல்லாகிப்போன சிப்பியையும் நத்தையையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அரியலூரில் யார் கொல்லையில் ஏர் ஓட்டினாலும் கிடைக்கும். எலும்பு கல்லாகும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்தச் சாமான் எலும்பு என்று அத்தை சொன்னதும், அப்படி இருக்காது என்று மறுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வேறு ஊராக இருந்திருந்தால் ஏதோ வேர் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். என் அம்மா நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

சித்தப்பாவைக் குழியில் இறக்கி மணலைத் தள்ளினார்கள். கழுத்துக்கு மேல் முகம் மட்டும் தெரிந்தது, சுண்ணாம்பு நிறத்தில். அப்போதுதான் மழை வந்தது. பெரிய பெரிய சொட்டாக அவர் முகத்தில் விழுந்தது. எல்லோரும் நனைந்தபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சித்தி அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, மழை மூக்கில் போகாமல் இரண்டு கையையும் குடை போலப் பிடித்தாள். திடீரென்று சித்தப்பா இருமினார். கண்ணைத் திறந்தார்.

அவர் பிழைத்ததுதான் சித்திக்கு வினையாக முடிந்தது. செத்திருந்தால் இடி விழுந்து செத்தார் என்று அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். யாரோ புதைத்து வைத்த வைப்பை எடுத்த கையோடு உயிர் திரும்பியது என்றால் அது செய்வினைதான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. இனி வைத்தது யார் என்பதுதான் பாக்கி.

அந்தச் சாமானைப் புதுச் சட்டியில் போட்டு, வேப்பிலை வைத்து, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, மாட்டுக் கொட்டகை மூலையில் வைத்தார்கள். பக்கத்தில் யாரும் போகக் கூடாது. போகக் கூடாது என்றால் நான் போகாமல் இருப்பேனா? மறுநாள் அத்தை குளிக்கப் போன நேரத்தில் துணியை அவிழ்த்தேன். உடைந்த முனையை வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்த்தேன். மேலே அவ்வளவு சொரசொரப்பாக இருந்தது, உள்ளே வழவழவென்று மின்னியது. சோடா பாட்டிலின் உட்புறம் போல. ஓரம் விரலைக் கிழித்து ரத்தம் வந்தது.

நான் நேரே அத்தையிடம் ஓடி, அது எலும்பு இல்லை, கண்ணாடி என்றேன். அத்தை என் விரலைப் பார்த்தாள், கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு பயந்துபோய் விரலில் மஞ்சளை அப்பி, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தித் திருநீறு போட்டாள். அன்றைக்கு அந்த ஊரில் உண்மையைச் சொன்னது நான் ஒருத்திதான் என்று இப்போது பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அடுத்த நாள் நான் சொன்னது அந்தப் பெருமையைச் சாப்பிட்டுவிட்டது.

மூன்றாம் நாள் குறி சொல்கிறவரைக் கூட்டி வந்தார்கள். சட்டியை நடுக்கூடத்தில் வைத்து அவர் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வைத்த கை வெளியிலிருந்து வரவில்லை, இந்த வீட்டுச் சோற்றைத் தின்கிற கை என்றார். பெண்பிள்ளை கை என்றார். தட்சிணையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் அத்தை, அம்மா, சித்தி, நான், தொட்டிலில் தங்கச்சி.

அத்தை என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை மடியில் வைத்ததில்லை. வெல்லப் பணியாரம் ஒன்றை ஊட்டிவிட்டு, ஆத்துக் கொல்லையில் யாராவது எதையாவது புதைத்ததைப் பார்த்தாயா கண்ணு என்றாள். கூடத்தில் அப்பா, ஊர்க்காரர்கள் இரண்டு பேர். கட்டிலில் சித்தப்பா, ஒரு காது கேட்காமல் போய், பாதி மயக்கத்தில். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நேற்று அறை வாங்கிய எனக்கு அது எப்பேர்ப்பட்ட மரியாதை தெரியுமா? தலையில் அடித்துக் கொடுத்த சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது.

"சித்தி பொதைச்சாங்க. கம்பத்துகிட்ட. துணி மூட்ட" என்றேன்.

அடுப்படி வாசலில் அம்மா கையிலிருந்த சொம்பு விழுந்து உருண்டது.

எங்கள் வழக்கத்தில் கணவனின் அண்ணன், தம்பியின் மனைவியோடு நேருக்கு நேர் பேச மாட்டார். ஏதாவது கேட்க வேண்டும் என்றால் தன் மனைவியை விட்டுத்தான் கேட்பார். அப்பா சித்தியின் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்து, "அவ என்ன பொதைச்சான்னு கேளு" என்றார்.

அம்மா குனிந்து உருண்ட சொம்பை எடுத்தாள். அப்பா மறுபடியும், இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்கச் சொன்னார். சித்தி சுவரோரம் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பொதைச்சே?" என்றாள் அம்மா. அவள் குரல் மாதிரியே இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் சித்தி.

பிள்ளை பொய் சொல்கிறதா என்று அத்தை கத்தினாள். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய், எதையும் புதைக்கவில்லை என்று சொல் என்றாள் அத்தை. சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். பொய்ச் சத்தியம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அதுவே போதும் என்றாகிவிட்டது. சித்தப்பாவைக் கேட்டதற்கு, அண்ணன் சொன்னால் சரி என்று முனகிவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். மழையில் தன் முகத்துக்குக் குடை பிடித்த கையை அவர் பார்க்கவில்லை போலும். எனக்கு இன்றுவரை அந்த மனிதர்மேல் ஆறவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சித்தியை அனுப்பினார்கள். கல்யாணத்துக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும். அப்பா துணைக்குப் போனார், பஸ்ஸிலும் நாலு சீட் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். தெருவில் யாரும் வழியனுப்ப வரவில்லை. சித்தி போகும்போது என் கன்னத்தைத் தொட்டாள். அன்று சாயங்காலம் சட்டியை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய், கல்லால் நொறுக்கி, திக்குக்கு ஒன்றாகத் துண்டுகளை எறிந்தார்கள். வெயிலில் அவை மின்னியதைக் கரையில் நின்று பார்த்தேன்.

அடுத்த வருஷமே சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம் செய்தார்கள். சித்தியின் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நான் பெரியவள் ஆனபோது, துணியை எங்கே எப்படிப் புதைக்க வேண்டும் என்று அம்மா ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் எனக்குச் சுரீர் என்றது. சித்தி புதைத்தது தீட்டுத் துணி. அந்த நாளில் தூரமாக உட்காராமல், அம்மாவுக்கு முடியவில்லை என்று அடுப்படியில் புழங்கியிருக்கிறாள். ஆண்கள் கூடியிருந்த சபையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பழந்துணிக்காக ஒருத்தியின் வாழ்க்கையை நான் முடித்துவைத்தேன் என்று நினைத்து அழுதேன். அப்படியே நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போய்ப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. தைரியம் இல்லை. ஒருமுறை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முந்திரி உடைத்து உடைத்து, கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பூக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.

அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் லேப் உதவியாளராக முப்பது வருஷம் வேலை பார்த்தேன். குடுவை கழுவுவது, உடைந்ததைக் கணக்கில் எழுதுவது, ஆசிட் பட்ட பிள்ளையைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவது. கண்ணாடியோடுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. ஒரு காலேஜிலிருந்து நிலவியல் சொல்லித்தரும் பெண் ஒரு பெட்டி நிறையக் கற்கள் கொண்டுவந்து என் மேசையில் அடுக்கினாள். என் பெண் வயதுதான் இருக்கும். இதெல்லாம் மனுஷர் கை படாமல் தானாகவே உண்டான கண்ணாடி மேடம் என்றாள்.

கரிய கல் ஒன்று, எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறியதால் வந்ததாம். பாகு நிதானமாக ஆறினால் கற்கண்டாகப் பூக்கும், சட்டென்று ஆறினால் மிட்டாய் மாதிரி வழவழவென்று நின்றுவிடும், கண்ணாடியும் அப்படித்தான் என்றாள். இன்னொன்று நீர்த்துளி மாதிரி, கறுப்பாக. வானத்திலிருந்து பெரிய கல் விழுந்த அடியில் பூமியே உருகித் தெறித்து, மேலே பறந்து, ஆறிக் கீழே விழுந்த துளி. நிலாவிலிருந்து கொண்டுவந்த மண்ணிலும் இப்படிப் பொடிப் பொடியாகக் கண்ணாடி உருண்டைகள் இருக்கின்றன என்றாள். அங்கே விழுந்த கற்களாலும், எப்போதோ பொங்கிய நெருப்பாலும் ஆனவையாம். நான் தலையாட்டிக்கொண்டே மேசையைத் துடைத்தேன்.

கடைசியாக, பஞ்சில் பொதிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். சாம்பல் நிறம். சொரசொரப்பு. கீழே இரண்டாகக் கிளைத்திருந்தது.

மணலில் மின்னல் இறங்கினால் போகிற வழியெல்லாம் மணல் கண் இமைக்கும் நேரத்தில் உருகி, அதே வேகத்தில் ஆறி, குழாய் மாதிரி ஆகிவிடும் என்றாள். மின்னல் எப்படிக் கிளை பிரிந்ததோ அப்படியே இதுவும் பிரியும் என்றாள். வெளியே மணல் ஒட்டியிருக்கும், உள்ளே பாருங்க மேடம், எவ்வளவு பளபளப்பு என்று என் கண்ணருகே நீட்டினாள். நான் பார்க்கவில்லை. எனக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். நிலாவில்கூட இருக்கிறதே, அங்கே எந்த மருமகள் போய்ச் செய்வினை வைத்தாள்? அத்தை உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெட்டியோடு அவள் முன்னால் போய் நின்றிருப்பேன். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. மிச்சம் இருப்பவர்கள், என்னோடு அரியலூரில் இருக்கும் அம்மாவும் மீன்சுருட்டியில் இருக்கும் சித்தியும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அம்மாவிடம் ஒரு கல்யாணம் என்று சொன்னேன். சித்தி அண்ணன் மகன் வீட்டில், பின்கட்டில் ஓர் அறையில் இருந்தாள். எழுபது வயது. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்துவிட்டு, திருமானூர்ப் பொண்ணா என்றாள். நான் காலில் விழுந்தேன். பிடித்துத் தூக்கினாள்.

எல்லாவற்றையும் கொட்டினேன். நான் சாட்சி சொன்னதைச் சொன்னேன். கம்பத்தடியில் எடுத்தது எலும்பும் இல்லை, வைப்பும் இல்லை, மின்னல் உருக்கிய மணல், வெறும் கண்ணாடி என்று சொன்னேன். நீங்கள் புதைத்தது தீட்டுத் துணிதான் என்பதும் எனக்குத் தெரியும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ பார்த்ததைத்தானே சொன்னாய், விடு என்றாள். பிறகு அந்தக் கண்ணாடி விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். நிஜமாகவே எலும்பு கிடையாதா, படித்தவர்கள் சொன்னார்களா என்று இரண்டு தடவை கேட்டாள்.

"இத அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

இன்னும் இல்லை என்றேன். முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன் என்றேன்.

"என்கிட்ட எதுக்குடி? மொதல்ல அக்காகிட்ட போயி சொல்லு. இன்னிக்கே சொல்லு" என்றாள். சாப்பிடக்கூட விடவில்லை. ஒரு பை முந்திரியைக் கையில் திணித்து, மூன்று மணி பஸ்ஸைப் பிடி என்று விரட்டினாள். அவளுடைய பாழான வாழ்க்கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயதாகிவிட்டது, புத்தி எங்கோ போகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து கால் நீவிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் போகவில்லை, மீன்சுருட்டிக்குப் போய்ச் சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

அம்மாவின் கை காலிலேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லிட்டாளா?" என்றாள்.

எதை என்று கேட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தங்கச்சி பிறந்து எட்டு மாதத்தில் மறுபடி தரித்திருக்கிறது. உடம்பில் தெம்பு இல்லை. இதுவும் பெண்ணாகப் போனால் அத்தையிடம் கேட்க வேண்டிய பேச்சுக்குத் தெம்பு அதைவிட இல்லை. யாருக்கும் தெரியாமல் மீன்சுருட்டியிலிருந்து மருந்து வரவழைத்துக் கொடுத்தது சித்தி. குடித்தது அம்மா. அந்தத் துணி மூட்டை அம்மாவுடையது. நடுக்கூடத்தில் சித்தியைப் பார்த்து, என்ன புதைத்தாய் என்று கேட்டதும் அதே அம்மாதான்.

அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் என்று இருந்தது. இத்தனை வருஷம் பாவம் என்மேல் என்று சுமந்தேனே, ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அவ என் மானத்தக் காப்பாத்திட்டுப் போயிட்டா. சாமி விடல. இடிய எறக்கி, என் புள்ள கைய எடுத்து எல்லாருக்கும் காட்டிருச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தை அதைப் பச்சப்புள்ள கை என்று சொன்னபோது அம்மா ஏன் சரிந்து உட்கார்ந்தாள் என்று விளங்கியது. சித்தி என்னை ஏன் சாப்பிடக்கூட விடாமல் துரத்தினாள் என்றும் விளங்கியது. நான் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெட்டியில் பார்த்ததை, அந்தப் பெண் சொன்னதை, எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில் மெதுவாகச் சொன்னேன். மணல்தான் உருகியது, அம்மா. மின்னல் கிளை பிரிந்ததால் விரல் மாதிரி ஆயிற்று. உள்ளே கண்ணாடி. உன் மூட்டையை யாரும் தோண்டவே இல்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று தேடினாள்.

"அப்ப அது எம்புள்ள கையி இல்லியா?"

"இல்லம்மா."

அம்மா மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் சொன்னேன். அன்று விளக்கு வைக்கும்வரை எத்தனை முறை கேட்டாள் என்று தெரியாது. கேட்டபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.